புலியை மறைத்த அஞ்சல்காரன்

கேளுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜாவும் அந்தப் பக்கம் ஒரு ராஜாவும் ஆண்ட காலத்தில் நடந்தது இது. இரண்டு நாட்டுக்கும் நடுவே கிடந்த காட்டை அந்த இருவருமே ஆளவில்லை. அதை ஒரு புலி ஆண்டது.

ராஜாக்கள் ஒருவருக்கொருவர் ஓலை அனுப்புவார்கள். பெண் கேட்டு ஓலை போகும். மிளகு கேட்டு ஓலை போகும். சண்டை வேண்டாம் என்று ஓலை போகும். எந்த ஓலையானாலும் காட்டைக் கடந்துதான் போயாக வேண்டும். அதை ஒரு மனிதன் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

அப்படி ஓடியவன் பெயர் யேசுவடியான். காட்டின் அடிவாரத்தில் ஈத்தவிளை என்று ஒரு சிற்றூர்; அதுதான் அவன் ஊர். அங்கே பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்தவர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. யேசுவடியானும் ஞாயிறு தவறாமல் போவான். எல்லோரும் எழுந்தால் எழுவான். எல்லோரும் முழங்காலிட்டால் முழங்காலிடுவான். எல்லோரும் ஆமென் என்றால் ஆமென் என்பான். அவனுக்கும் ஆண்டவருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அவன் அஞ்சல்காரன் ஆன கதையே பயங்கரமானது. அவனுக்கு முன்னால் பிச்சைக்கண்ணு என்பவன் அந்தக் காட்டில் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போனான். மாலையில் அவன் வரவில்லை. மறுநாள் பத்துப் பேர் பறையடித்துக்கொண்டு தேடிப் போனார்கள். கிடைத்தது தோல்பையும் மணி கட்டிய கோலும்தான்.

அஞ்சல் சாவடியைப் பார்த்துக்கொண்டவரை ஊரில் சாவடிப் பிள்ளை என்பார்கள். அவர் யேசுவடியானைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வருஷம் மழை இல்லை. யேசுவடியான் வீட்டில் ஒரு மாதமாகப் பனங்கிழங்குதான் சாப்பாடு. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. பிள்ளை அந்தக் கோலை எடுத்தார். அதில் ஒரு கறை இருந்தது. மண்ணைப் போட்டு மூன்று முறை தேய்த்துவிட்டு, அவன் கையில் கொடுத்தார்.

"நிக்காத. திரும்பிப் பார்க்காத. மணி சத்தம் ஓயாம பாத்துக்க" என்றார்.

காட்டுப் பாதையில் பயப்பட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது ஆற்றுத் துறை. புலி தண்ணீர் குடிக்க வரும் இடம் அது. இரண்டாவது மூங்கில் காடு. அங்கே பகலிலும் வானம் தெரியாது. மூங்கில் ஒன்றோடொன்று உரசும்போது யாரோ பல்லைக் கடிப்பது போலிருக்கும். மூன்றாவது பெரும்பாறை. பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பது போய்த் திரும்பினால்தான் தெரியும். அதைத் தாண்டினால் மேல்சாவடி. அங்கே பையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் பையை வாங்கிக்கொண்டு, வெயில் சாயும் முன் அதே மூன்று இடங்களையும் கடந்து திரும்பி வர வேண்டும்.

முதல் நாள் ஆற்றுத் துறையில் யேசுவடியான் குனிந்து பார்த்தான். ஈர மணலில் புலியின் கால் தடம் தெரிந்தது. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். கோயிலில் கேட்ட நீளமான ஜெபம் ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, கூட வாரும்" என்றான். அவ்வளவுதான் வந்தது.

மூங்கில் காட்டில் மறுபடியும் சொன்னான். பெரும்பாறையில் மறுபடியும் சொன்னான். அன்று உயிரோடு வீடு திரும்பினான்.

இப்படி நாள் போயிற்று. மாதம் போயிற்று. ஒரே வார்த்தையை எத்தனை தடவைதான் சொல்வது? பேச்சு நின்றால் மூங்கில் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்கப் பயந்து அவன் பேசிக்கொண்டே ஓடினான். மனைவி ஞானப்பூவின் இருமலைச் சொன்னான். அண்ணன் வரப்பை நகர்த்தி வைத்ததையும், அதற்காக அவன் மாடு சாக வேண்டும் என்று தான் நினைத்ததையும் சொன்னான். கோயிலில் ஜெபம் நடக்கும்போது தான் கூரையில் பல்லி எண்ணுவதைச் சொன்னான். எங்கிருந்தாவது புலி பாயலாம் என்றிருக்கும்போது மனிதனுக்குப் பொய் சொல்லத் தோன்றாது. இரண்டு மழைக்காலம் அப்படிப் பேசினான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் ஆண்டவரிடம் மறைத்தது ஒன்றும் இல்லை.

பயம் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. ஆனால் பயப்படும்போது தான் தனியாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அண்ணனிடம் போய் வரப்பைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு வந்தான். பல்லி எண்ணுவதை விட்டான்.

மூன்றாம் வருஷம் ராஜாவின் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். பள்ளம் வெட்டினார்கள், ஆட்டைக் கட்டினார்கள், மரத்தில் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் புலி செத்தது. அதைக் கழியில் கட்டித் தூக்கி வந்தபோது ஈத்தவிளையே தெருவில் நின்றது. பிச்சைக்கண்ணுவின் பெண்டாட்டி வந்து, அதன் முகத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் யேசுவடியான் பாட்டுப் பாடிக்கொண்டு காட்டுக்குள் போனான். ஆற்றுத் துறையில் மணல் சுத்தமாக இருந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஓடிக்கொண்டே சொன்னான். மூங்கில் காட்டில் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு போனான். பெரும்பாறையைத் தாண்டிய பிறகுதான் தாண்டியதே தெரிந்தது.

ஒரு வாரத்தில் ஸ்தோத்திரமும் நின்றது. ஒரு மாதத்தில் அது நின்றதையும் மறந்தான். இப்போது அவன் முன்னைவிட வேகமாக ஓடினான். பிள்ளை அவனை மெச்சிக்கொண்டார்.

கோயிலில் பல்லிகள் திரும்பி வந்தன. அண்ணன்மேல் இருந்த வரப்புக் கோபமும் திரும்பி வந்தது. ஆனால் இதை யாரும் கவனிக்கவில்லை, ஒருத்தியைத் தவிர.

ஒரு நாள் அவன் பையை இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவும்போது ஞானப்பூ வாசலில் நின்று அவனையே பார்த்தாள்.

"என்ன பாக்க?" என்றான்.

"இப்பல்லாம் நீங்க தனியா வாரீய" என்றாள் அவள்.

"எப்பவும் தனியாத்தானே வாரேன். அஞ்சல்காரன் கூட ஆரு வருவா?"

"தெரியல. முன்னாடியெல்லாம் நீங்க வரும்போது ஆரோ கூட வந்த மாதிரி இருக்கும். நான் எட்டிக்கூடப் பாத்திருக்கேன். இப்ப அப்படி இல்ல."

அவள் சும்மா சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவன் கையில் செம்பு அப்படியே நின்றது. புலியைக் கண்டால்கூட வராத ஒரு குளிர் அவன் முதுகில் இறங்கியது.

மறுநாள் ஆற்றுத் துறையில் நின்றான். பேச வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூங்கில் காட்டில் முழங்காலிட்டுப் பார்த்தான். கோயிலில் எல்லோரும் சொல்லும் ஜெபம் வந்தது. அது தரையில் விழுந்த காய் மாதிரி அங்கேயே கிடந்தது. பெரும்பாறையில் நெற்றியை வைத்து அழப் பார்த்தான். அழுகையும் வரவில்லை. காடு அமைதியாக இருந்தது. முன்பு இருந்தது புலியிருக்கும் அமைதி. இது ஒன்றுமில்லாத அமைதி.

இப்படி நாற்பது நாள் முயன்றான். நாற்பதாம் நாள் அவன் வாயிலிருந்து ஒன்று வந்தது.

"ஆண்டவரே, அந்தப் புலியைத் திருப்பிக் கொடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அந்தக் காட்டில்தான் இப்போது ஊர்ப் பெண்கள் விறகு பொறுக்குகிறார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

கேளுங்கள், இனிமேல்தான் அவனுக்குச் சோதனை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை, ஆற்றுத் துறையின் ஈர மணலில் ஒரு தடம் கிடந்தது. பழைய தடத்தைவிட ஒரு விரல் அகலம் அதிகம். மலைக்கு அப்பாலிருந்து வேறொரு புலி இறங்கி வந்திருந்தது. யேசுவடியானுக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, கூட வாரும்."

வந்துவிட்டது! நாற்பது நாள் தேடியது வந்துவிட்டது. பயத்திலும் சந்தோஷத்திலும் அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. அன்று மூன்று இடத்திலும் ஜெபித்தான். வீட்டுக்கு வரும் வழியில் ஊருக்குள் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சாவடி வாசல்வரை வந்தான்.

பிள்ளை கேட்டார்: "காட்டுல விசேஷம் உண்டா?"

சொன்னால் நாளைக்கே வேட்டைக்காரர்கள் வருவார்கள். புலி சாகும். வாய் மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

"ஒண்ணுமில்ல பிள்ளைவாள்" என்றான் யேசுவடியான்.

செவ்வாய்க்கிழமை மூங்கிலில் நகக்கீறல் பார்த்தான். பச்சைத் தோல் உரிந்து உள்வெள்ளை தெரிந்தது. பிள்ளை கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றான்.

புதன்கிழமை பெரும்பாறையின் மறுபக்கத்தில் ஒரு மிளா மானின் பாதி உடம்பு கிடந்தது. ஈ மொய்த்தது. பிள்ளை கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றான்.

ஒன்றை மட்டும் அவன் கவனித்தான்; கவனித்தும் கவனிக்காதது போல் இருந்தான். அந்த மூன்று நாளும் அவன் வாயில் வந்தது 'கூட வாரும், காப்பாற்றும்' என்ற இரண்டே சொல். முன்பு பேசியது போல வேறு எதையும் அவனால் பேச முடியவில்லை. பேசப் போனால் சாவடியில் சொன்ன 'ஒண்ணுமில்ல'யெல்லாம் தொண்டையில் வந்து நின்றன. அவன் அவசரமாக அவற்றை விழுங்கிவிட்டு, காப்பாற்றும், காப்பாற்றும் என்று ஓடினான்.

வியாழக்கிழமை கொண்டுபோக ஓலை இல்லை, அவனுக்கு ஓய்வு. வீட்டுக் கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் புருஷன் தெருவில் அங்குமிங்கும் நடந்தான்.

"என்ன?" என்று கேட்டாள் ஞானப்பூ.

"செல்லத்தாய் காலைல விறகுக்குப் போனவ. அவ மதினியும் இசக்கியம்மையும் கூடப் போனாளுவ. மூணு பேரும் இன்னும் வரல."

யேசுவடியான் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது.

முன்பெல்லாம் ஆண்டவர் தான் சொல்வதைக் கேட்கிறாரா என்று அவன் பயந்திருக்கிறான். இப்போது அவனுக்கு வந்த பயம் வேறு. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். புலியைத் திருப்பிக் கொடும் என்றதைக் கேட்டிருக்கிறார். ஒண்ணுமில்ல என்று மூன்று தடவை சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

அவன் தெருவில் இறங்கிச் சாவடி வாசலுக்குப் போனான். அங்கே ஆட்கள் கூடியிருந்தார்கள். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் நின்றார்.

"காட்டுல வேற புலி வந்திருக்கு" என்றான். "திங்கக்கிழமையே பாத்தேன். செவ்வாய்க்கிழமையும் பாத்தேன். நேத்தும் பாத்தேன். சொல்லல."

பிள்ளைதான் கேட்டார். "நான் தினமும் கேட்டேனே. ஏண்டா மறைச்ச?"

அதை எப்படிச் சொல்வது? "புலி இருந்தாத்தான் எனக்கு ஜெபம் வருது" என்றான். அதை வெளியே சொல்லிக் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமானது என்று அவனுக்கே தெரிந்தது. செல்லத்தாயின் புருஷன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். யேசுவடியான் கையை உயர்த்தவில்லை.

"பறையடிக்க ஆள் திரட்டுங்க. நான் முன்னால போறேன்" என்று சொல்லி, மணி கட்டிய கோலை எடுத்தான். உபதேசியார் அவன் தலையில் கை வைக்க வந்தார். அதற்குள் அவன் புறப்பட்டுவிட்டதால் கை அவன் தோளில்தான் பட்டது.

ஆற்றுத் துறையில் மூன்று பெண்களின் காலடித் தடங்களும் மணலில் இருந்தன. அவற்றின் மேலேயே புலியின் தடமும் இருந்தது. பின்தொடர்ந்து போயிருக்கிறது. யேசுவடியான் வாயைத் திறந்தான். என்னைக் காப்பாற்றும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

மூங்கில் காட்டில் ஒரு விறகுக் கட்டு சிதறிக் கிடந்தது. ஒரு செருப்பு கிடந்தது. மூங்கில் பல்லைக் கடித்தது. அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நடந்துகொண்டே பேசினான்.

"ஆண்டவரே, நான் உம்மைத் தேடல. உம்மகிட்ட பேசும்போது எனக்கு வந்த அந்தச் சுகத்தைத் தேடினேன். அதுக்காக மூணு பேரைப் புலிக்கு விட்டுட்டேன். என்னைக் காப்பாத்தும்னு கேக்கல. நீர் கூட வராட்டாலும் நான் போறேன். அவளுவளை மட்டும் வீடு சேத்துவிடும்."

பதில் ஒன்றும் வரவில்லை. பயமும் குறையவில்லை. ஆனால் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்ற அந்த மூன்று 'ஒண்ணுமில்ல'யும் இப்போது அங்கே இல்லை.

பெரும்பாறை தெரிந்தது. மூன்று பெண்களும் அதன் மேலே இருந்தார்கள். இசக்கியம்மை கையில் அரிவாளோடு நின்றாள். செல்லத்தாயின் மதினி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் செல்லத்தாய் கிடந்தாள். வலது கை தோளிலிருந்து முழங்கைவரை கிழிந்திருந்தது. சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

புலி எங்கே என்று அவன் கேட்கவில்லை. இசக்கியம்மையின் கண் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். பாறைக்குக் கீழே, பாதை வளையும் இடத்தில், புல்லுக்குள் அது படுத்திருந்தது. காது மட்டும் அசைந்தது.

அவன் பாறைக்கும் புலிக்கும் நடுவே போய் நின்றான். கோலைத் தரையில் குத்தினான். மணி குலுங்கியது. புலி எழுந்து நின்றது. அது எழுந்துகொண்டே இருந்தது என்று பின்னாளில் சொல்வான், அவ்வளவு உயரம்.

"மெதுவா இறங்குங்க" என்றான் திரும்பாமல். "ஓடக் கூடாது. அவளைத் தூக்கிட்டு முன்னால போங்க. நான் இதைப் பாத்துக்கிட்டே பின்னால நடக்கேன்."

அவர்கள் இறங்கினார்கள். அவன் மணியைக் குலுக்கிக்கொண்டே, புலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தான். புலி ஒவ்வொரு அடியாக முன்னால் வைத்தது. மூங்கில் காட்டுக்குள் அது பாதையை விட்டு விலகியது. இடது பக்கம் சருகு நொறுங்கியது. பிறகு வலது பக்கம் நொறுங்கியது. பிறகு எந்தப் பக்கமும் சத்தமே இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. மதினி முனகினாள். "நடங்க" என்றான் அவன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அவன் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க அவனிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. ஆனால் தன்னுடைய எல்லாப் பொய்யும் தெரிந்த ஒருவர், தெரிந்த பிறகும், தன் பக்கத்தில் நடந்து வருகிறார் என்பது அவனுக்குத் தெரிந்தது. இந்த முறையும் அதைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

ஆற்றைத் தொட்டபோது அக்கரையில் பறைச் சத்தம் கேட்டது. தீப்பந்தங்களோடு ஊரே நின்றது. மூங்கிலுக்குள் ஒரு உறுமல் எழுந்து, மேட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது. பத்து நாள் பறையடித்து, தீ மூட்டி, ஊரார் அந்தப் புலியை மலைக்கு அப்பால் துரத்தினார்கள்.

செல்லத்தாய் பிழைத்தாள். கைதான் பிழைக்கவில்லை. அது கடைசிவரை மடங்கியே இருந்தது. யேசுவடியான் வாரம் ஒரு கட்டு விறகு கொண்டுபோய் அவள் வாசலில் போடுவான். முதல் வருஷம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வருஷமும் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் வருஷம் ஒரு நாள், "ஈர விறகா இருக்கு. காய வச்சுக் கொண்டா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவன் சாகும்வரை விறகு போட்டான்.

பிள்ளை அவனைக் காட்டுப் பாதையிலிருந்து எடுத்துவிட்டார். பொய் சொன்னவனைக் காட்டில் ஓடவிட முடியாது அல்லவா? கடலோரத்து உப்பளப் பாதையைக் கொடுத்தார். அங்கே மரமில்லை, பாறையில்லை, மறைய ஒரு புதரில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை உப்பு. பயப்பட ஒன்றுமே இல்லாத பாதை.

அந்தப் பாதையைப் பார்த்து யேசுவடியான் புலியைப் பார்த்து நடுங்கியதைவிட அதிகம் நடுங்கினான். இங்கே வாய் அடைத்துப் போனால்? இனிக் கேட்பதற்குப் புலியும் இல்லை, கேட்கவும் மாட்டான்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நின்று, "ஆண்டவரே, எனக்கு இன்னைக்குப் பயமும் இல்ல, கேக்க ஒண்ணும் இல்ல, பேச வாயும் வரல" என்றான். அது உண்மை. உண்மையைச் சொன்னதும் அடுத்த வார்த்தை வந்தது. உப்பு காலை அரிப்பதைச் சொன்னான். செல்லத்தாயின் முகத்தைச் சொன்னான். ஞானப்பூ குளத்திலிருந்து பறித்து வந்த அல்லியைச் சொன்னான். சில நாள் பேச்சு ஓடியது. பல நாள் ஓடவில்லை. ஓடாத நாளில் பேசாமல் கூடவே நடந்தான்.

எத்தனையோ வருஷம் கழித்து, அந்தப் பாதையில் ஆண்டி என்ற இன்னொரு அஞ்சல்காரன் கொஞ்ச நாள் அவனோடு ஓடினான். யேசுவடியானின் உதடு அசைந்துகொண்டே இருப்பதைக் கண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, இங்க ஒரு நரிகூடக் கிடையாதே. எதுக்குப் பயந்து இப்படி ஜெபிக்கிறீய?"

"பயம் ஒண்ணுமில்ல" என்றான் யேசுவடியான்.

"அப்ப என்ன கேக்கிறீய?"

"இன்னைக்குக் கேக்கவும் ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டு வாரேன்."

இருவரும் உப்பு வெளியில் ஓடினார்கள்.

கதை கேட்டவர்களே, இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஆபத்தில் மட்டும் ஆண்டவரைக் கூப்பிடுகிறவன் ஆபத்தோடு சேர்த்து அவரையும் தொலைத்துவிடுவான், ஒன்றும் வேண்டாத நாளிலும் ஒன்றையும் மறைக்காமல் அவரோடு பேசுகிறவனே அவர் அருகில் வாழ்கிறான்.